வாசலில் கிடக்கும் உன் வரிப்பணம்

தம்பி,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. போன திங்கட்கிழமை காலையில் கடை திறக்கக் கிளம்பியவன், நம் வீட்டு வாசலிலேயே வாய்க்காலில் விழுந்தேன். கால் இடறி ஒரு பக்கமாகச் சாய்ந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. அப்படியில்லை, இடுப்பு வரைக்கும் முழுசாக இறங்கினேன். வேட்டி மேலே மிதந்தது, நான் கீழே நின்றேன். கம்பெனி வேனுக்காக எல்லைக்கல் பக்கத்தில் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர்களுக்கு இட்லி விற்க வருவாளே, தெருவின் அந்தக் கோடி வீட்டு அஞ்சலை, அவள் குண்டானைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "இன்னாண்ணா, மனு போட்டு வாங்குன வாய்க்கால எறங்கி அளந்து பாக்குறியா?"

இதில் வலித்தது முட்டியல்ல. அவள் சொன்னது உண்மை என்பதுதான் வலித்தது. அந்த வாய்க்காலுக்கு மனு போட்டவன் நான். வேலை ஆரம்பித்த அன்று அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தியவனும் நான். வேனுக்கு நின்ற பெண்களில் ஒருத்தி நான் விழுந்ததைப் படம் பிடித்துவிட்டாள். மதியத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அது வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் பின்னணியில் நாதஸ்வரமும் சேர்த்திருந்தான். நீ பார்த்துவிட்டு அப்பனாயிற்றே என்று பேசாமல் இருந்தால் நன்றி. பார்க்கவில்லை என்றால் தேடாதே.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியில் "மீட்டிங்பா, அப்பறம் கூப்புடுறன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் விழுந்ததற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நீ இரண்டு விஷயம் பேசினாய். முதலாவது, சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு பேசியது: "வருமான வரி புடிச்சது போவ மிச்சம் வர்றதுல பெட்ரோலுக்கு வரி, பிஸ்கட்டுக்கு வரி, கல்யாண மண்டபத்துக்கும் வரி. எங்கதாம்பா போவுது நாங்க கட்டுற காசெல்லாம்?" இரண்டாவது, தையில் நடக்கப்போகிற உன் கல்யாணத்தைப் பற்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "சந்தியா வூட்டுக்காரங்கள நம்ம வூட்டுக்கு இட்டுனு வர வேணாம்பா. எல்லாத்தையும் மண்டபத்துலயே முடிச்சிட்டு பாண்டியில ரூம் போட்டுக்கலாம். அங்கேர்ந்தே நாங்க பெங்களூரு போயிடறோம்." நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. நீ போனை வைத்த பிறகு, "அவன் பொண்டாட்டி நம்ம வூட்டுக்குள்ள கால வைக்காமலே குடும்பம் நடத்தப் போறாளா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் அன்று முழுக்க அவள் பேசவில்லை. உன் அம்மா பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது மாதிரி வீடு ஆகிவிடும்.

நீ கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. நம் வாசலில். உன் வரிப்பணம் மற்ற இடங்களில் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. நம் வாசலுக்கு வந்ததை மட்டும் நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

நீ பிறந்த வருஷம்தான் இந்த வீட்டைக் கட்டினேன். "ரோட்லேர்ந்து பாத்தா எடுப்பா தெரியணும்" என்று கொத்தனார் வாசலுக்கு மூன்று படி வைத்தார். அப்போது ரோடு என்பது செம்மண். முதன்முதலாக ஜல்லி கொட்டித் தார் ஊற்ற வந்தபோது ஊரே பூரித்துப்போனது. நான் ரோஸ்மில்க் கலந்து வேலையாட்களுக்குக் கொடுத்தேன். ரோடு போட்டு முடித்துப் பார்த்தால், கீழ்ப்படி காணோம். ரோட்டுக்குள் போய்விட்டது. ஒரு படிதானே, ஊருக்கு நல்லது நடக்கும்போது படியைப் பார்ப்பதா என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். அதற்கப்புறம்தான் புரிந்தது, நம் பக்கத்தில் மழைக்காலம், பனிக்காலம் என்று இருப்பதைப் போல ரோடு போடுகிற காலம் என்றும் ஒன்று இருக்கிறது. அது தேர்தலுக்கு முந்தைய சில மாதங்கள். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலைமேலேயே புதிதாக ஊற்றுவார்கள், தோசை மேல் தோசை மாதிரி. இரண்டாவது படி போனது, மூன்றாவதும் போனது. ஒரு காலத்தில் ரோடும் நம் தரையும் சரிசமமாக இருந்தன. நீ சைக்கிளை ஓட்டியபடியே நடுக்கூடத்துக்குள் வந்து அம்மாவிடம் அடி வாங்கினாயே, அந்தக் காலம். அதற்கப்புறம் நாம் இறங்க ஆரம்பித்தோம். இப்போது கேட்டைத் திறந்ததும் இரண்டு படி கீழே இறங்கித்தான் நம் வீட்டுக்குள் போகவேண்டும். என்றைக்காவது ஆராய்ச்சிக்காரர்கள் வந்து நம் வாசலைத் தோண்டினால், அரிக்கமேடு மாதிரி அடுக்கடுக்காக ஒவ்வொரு ஆட்சியும் தெரியும்.

பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போடவேண்டும் என்று உத்தரவே இருக்கிறது என்றார்கள். நானும் கேட்டேன். "சுரண்டுறதுக்கு எஸ்டிமேட்ல எடமில்ல சார்" என்றார் ஜேஈ, அந்த வேலைக்கான ஜூனியர் இன்ஜினியர். "எஸ்டிமேட் போட்டது யாரு சார்?" என்றேன். "நான்தான்" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போய் அவருக்கு டீ சொன்னேன். என் வாழ்க்கையே இப்படித்தான் போயிற்று, தம்பி. கோபப்படவேண்டிய இடத்தில் டீ சொல்லிவிடுவேன்.

நீ நினைக்கலாம், அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறார், நம் வீட்டு வேலை முடியாதா என்று. அதே நினைப்பில்தான் நானும் இருந்தேன். கொம்யூனில் கேட்டால், தெரு எங்களுடையது, தார் பொதுப்பணித்துறையுடையது என்றார்கள். பொதுப்பணியில் கேட்டால், தார் எங்களுடையது, தண்ணீர் கொம்யூனுடையது என்றார்கள். கவுன்சிலரைப் பிடிக்கலாம் என்றால், உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தபோது நீ அரை டிராயர் போட்டிருந்தாய். அப்போது ஜெயித்தவர் இப்போது பேரப்பிள்ளைகளோடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மேலே கேட்டால், கோப்பு கவர்னர் மாளிகையில் இருக்கிறது என்பார்கள். அங்கே கேட்டவர்கள் கோப்பு இன்னும் வரவில்லை என்று திரும்பி வருவார்கள். ஒரு சமயம் முறையாக வரி கட்டிய ரசீது இருந்தால்தான் மனுவையே வாங்குவேன் என்றார் ஒரு கிளார்க். உன் அம்மா வீட்டு வரி ரசீதுகளை நீ பிறந்ததிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அத்தனையையும் கொண்டுபோய் மேஜையில் கொட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வாக்கியம்தான் உன்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தது. ஊரில் இருக்கிற எல்லாரிடமும் அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் என் மெஷின் ஓடியது. அன்றைக்கு அதை என்னிடமே சொன்னதுதான் புதுசு.

சரி, ரோட்டைக் குறைக்க முடியாது, தண்ணீரையாவது வெளியேற்றுவோம் என்று வாய்க்காலுக்கு இறங்கினேன். இங்கேதான் உன் அப்பனின் புத்திசாலித்தனம் வேலை செய்தது. நம் தெரு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நம் காம்பவுண்டை ஒட்டி எல்லைக்கல் நிற்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். உன் மாமன் வீடு கூப்பிடு தூரத்தில்தான், ஆனால் அவன் தமிழ்நாட்டுக்காரன். பொங்கலுக்கு அரசாங்கத்திலிருந்து அவனுக்குக் கரும்பு வரும், நமக்குக் கணக்கில் காசு வரும் என்பார்கள். அவன் கரும்பைக் கடித்துக்கொண்டே வந்து நம் காசு வந்துவிட்டதா என்று விசாரிப்பான். நம் தெருத் தண்ணீர் வடியவேண்டிய ஓடை அவன் பக்கம் இருக்கிறது. நம் ஊர் மழைத்தண்ணீர் ஒரு மாநிலத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போகமுடியும். அதற்கு இரண்டு அரசாங்கமும் கடிதம் எழுதிக்கொள்ளவேண்டும் என்றார்கள். நடக்கிற கதையா? அதனால் நான் என்ன செய்தேன், கொம்யூனுக்கு எழுதிய மனுவில் "தண்ணீர் தமிழ்நாட்டு ஓடையில் சேர்ந்துவிடும், ஆகவே எல்லைக்கல்லை நோக்கி வாட்டம் கொடுத்து வாய்க்கால் கட்டித் தரவும்" என்று எழுதினேன். உன் மாமன் பேரில் அந்தப் பக்கத்துக்கும் ஒரு மனு எழுதினேன். அதில் "தண்ணீர் புதுச்சேரி வாய்க்காலில் சேர்ந்துவிடும், ஆகவே எல்லைக்கல்லை நோக்கி வாட்டம் கொடுக்கவும்." எங்கள் தண்ணீர் எங்கள் பக்கமே நிற்கும் என்று எழுதினால் யார் காசு ஒதுக்குவார்கள்? இரண்டு வாய்க்காலும் வந்துவிட்டால், நடுவில் தண்ணீர் எப்படியாவது ஒரு வழியைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். தண்ணீருக்கு அவ்வளவு அறிவு இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

என் வாழ்நாளில் எந்த மனுவுக்கும் கிடைக்காத அதிசயம் இதற்குக் கிடைத்தது. இரண்டு அரசாங்கமும் பணம் ஒதுக்கின, இரண்டும் கட்டின. நான் எழுதிக் கொடுத்தபடியே, துளி பிசகாமல், இரண்டும் எல்லைக்கல்லை நோக்கிச் சரிந்தன. கல் இருப்பது நம் வாசலில். முதல் மழையில் புதுச்சேரித் தண்ணீர் இந்தப் பக்கமிருந்தும் தமிழ்நாட்டுத் தண்ணீர் அந்தப் பக்கமிருந்தும் வந்து நம் கேட்டுக்கு முன்னால் கைகுலுக்கின. மறுநாள் இரண்டு ஜேஈயும் ஆளுக்கொரு கரையில் நின்று பேசியதை நீ கேட்டிருக்கவேண்டும்.

"உங்க லெவல் தப்பு சார்."

"எங்க லெவல் கரெக்ட்டு. பப்ளிக் மனுப்படிதான் கட்டியிருக்கோம். உங்களுது யாரு சொல்லிக் கட்டுனீங்க?"

"எங்களுக்கும் பப்ளிக் மனுதான் சார்."

நான் பக்கத்திலேயே நின்று, யார் அந்தப் பப்ளிக் என்று அவர்களோடு சேர்ந்து நானும் யோசிக்கிற மாதிரி தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். வாய்க்காலுக்கு மூடி போடுங்கள் என்று மட்டும் கேட்டேன். மூடி அடுத்த எஸ்டிமேட்டில் என்றார்கள். அடுத்த எஸ்டிமேட் வரும் முன்னால்தான் நான் விழுந்தேன்.

அதனால் உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஐப்பசியில் நீ லீவுக்கு வந்தபோது நடந்ததை மறக்கவில்லை. முட்டிவரைக்கும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, லேப்டாப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, உன் அப்பன் பெற்றுத் தந்த இரண்டு மாநிலத் தண்ணீரில் நடந்துவந்தாய். அம்மா குளியலறைக் குவளையால் கூடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுநாளே பஸ் ஏறிவிட்டாய். பெங்களூரு போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, வீட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்து அப்படியே தூக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்களாம், நான் காசு தருகிறேன் என்றாய். அந்த ஆட்களும் வந்து அளந்தார்கள். உன் அம்மாதான் வேண்டாம் என்றாள். "நாம வூட்டத் தூக்குனா அவங்க அடுத்த எலக்‌ஷனுக்கு ரோட்டத் தூக்குவாங்க. இந்தப் போட்டியில நம்மளால ஜெயிக்க முடியுமா?" அரசியல் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

சரி, மகன் சொல்லிவிட்டான், அவன் மனசு நோகக்கூடாது என்று வியாழக்கிழமை சந்தியா வீட்டுக்குக் கிளம்பினேன். நிச்சயமும் மண்டபத்தில்தானே நடந்தது, அவர்கள் வீட்டை நாமும் பார்த்ததில்லை. வீடு பார்க்க நீங்கள் வரவேண்டாம், எல்லாம் மண்டபத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று நாசூக்காகச் சொல்லத் திட்டம். வில்லியனூரில் இறங்கி, அங்கிருந்து அவர்கள் ஊருக்கு இன்னொரு பஸ். ஸ்டாப்பிலேயே சம்மந்தி காத்திருந்தார். லேத் பட்டறையில் வேலை செய்கிற மனுஷன், கையெல்லாம் எண்ணெய்க் கறை, பேச்சு மட்டும் சுத்தம். "வாங்க சம்மந்தி, டீ சாப்புடலாம்" என்று டீக்கடையில் உட்காரவைத்தார். ஒரு டீ ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வீட்டுக்குப் போகலாம் என்கிற பேச்சே வரவில்லை. "இங்கயே பேசிடலாமே, காத்தாட" என்றார். காற்று எங்கே அடித்தது? லாரி போகிற தூசிதான் அடித்தது.

எனக்கு இரண்டு நோய் உண்டு. ஒன்று சர்க்கரை, இன்னொன்று அடுத்தவர் வீட்டுச் சங்கதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கமுடியாத நோய். இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. "சம்மந்தி, கொஞ்சம் பாத்ரூம் போவணும்" என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அழைத்துப்போனார். தெருவுக்குள் திரும்பினோம். அவர் வீட்டு வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாத்து எறங்குங்க சம்மந்தி."

தம்பி, அவர்கள் வீடு நம் வீட்டைவிடப் பள்ளம். ரோட்டில் நிற்கிறவன் கையை நீட்டினால் அவர்கள் ஜன்னல் மேலே இருக்கிற சன்ஷேடைத் தொடலாம். இறங்குவதற்குப் பலகை சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். நான் இறங்கியதும் சம்மந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வூடு இப்பிடி இருக்கேன்னுதாண்ணா ஒங்கள கூப்புடவே இல்ல. மாப்ள பெரிய கம்பெனியில இருக்காரு, இன்னா நெனச்சிக்குவாரோன்னு" என்றார். நான் சிரித்தேன். நிறுத்தமுடியாமல் சிரித்தேன். அவர்கள் பயந்துபோனார்கள். பிறகு நான் வந்த காரணத்தைச் சொன்னதும் சம்மந்தியும் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, எந்த எலெக்ஷனுக்கு எத்தனை அங்குலம் என்று பெருமையடித்துக்கொண்டோம். அவர் ஜெயித்தார்.

அப்போது சந்தியா காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணில் குறும்போடு கேட்டாள்: "மாமா, முட்டி வலி தேவலாமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாட்ஸ்அப்புக்கு எல்லைக்கல் கிடையாது, நாதஸ்வரத்தோடு அது வில்லியனூர் பக்கமும் வந்துவிட்டிருந்தது. "பாத்துட்டியா?" என்றேன். "மூணு தடவ பாத்தன் மாமா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க உழுந்ததுக்குப் பின்னால, ஒரு பச்ச கேட்டும் ரோட்டுக்குக் கீழ ஒரு வாசலும் தெரிஞ்சுதே, அதான நம்ம வூடு?" என்றாள்.

நம்ம வூடு என்றாள், தம்பி. உங்க வூடு என்று சொல்லவில்லை. நீ அவளிடமிருந்து மறைக்கவேண்டும் என்று பாண்டியில் ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அவள் ஏற்கெனவே வந்து கேட்டண்டை நின்றுகொண்டிருக்கிறாள். உன் அம்மாவிடம் வந்து சொன்னேன். "அப்பிடியா சொன்னா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். எனக்கு அலுப்புதான் இருக்கிறது, புத்தி கம்மி. இருந்தாலும் சொல்கிறேன். வரியைக் கட்டு. கட்டாமல் தப்பிக்கிற வழி உன்னைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இல்லை, அதனால் இதை நான் அறிவுரையாகச் சொல்வதே வெட்டி. எங்கே போகிறது என்று கேள். கேட்டுக்கொண்டே இரு, ஆனால் கேட்பதையே ஒரு ருசியாக ஆக்கிக்கொள்ளாதே. நான் அப்படி ஆகிவிட்டேன். அரசாங்கத்தைத் திட்டுவது எனக்கு வெற்றிலை மாதிரி. குடிக்கிறவன் தருகிற வரியில்தான் நம் அரசாங்கமே நடக்கிறது என்று கடையில் உட்கார்ந்து நான் பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். பேசி முடித்ததும் எனக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தி வரும். செய்தது ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் இன்னொரு ஜாண் ரோடு உயர்ந்திருக்கும். இரண்டாவது, எந்த மனு எழுதினாலும் பொய் எழுதாதே. நான் எழுதிய ஒரே பொய்யைத்தான் இரண்டு அரசாங்கமும் உடனே நிறைவேற்றின. மூன்றாவது, வீடு பள்ளத்தில் இருப்பது உன் தப்பில்லை. அதற்கு வெட்கப்படவேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. அவர்களுக்காக நீயேன் படவேண்டும்?

ஆகவே தையில் மண்டபத்தில் தாலி கட்டியதும் நேராக நம் வீட்டுக்கு அழைத்துவா. ரூமை ரத்து செய். உன் அம்மாவுக்கு ஒரே ஒரு குறை பாக்கியிருந்தது. "வர்ற பொண்ணு வலது கால வச்சி ஏறி வரணும். படி எறங்கி உள்ள வர்றது இன்னா லட்சணம்?" என்றாள். அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

முந்தாநாள் காலையில் தெருவில் புகை. எட்டிப் பார்த்தால் தார் லாரி, ரோலர், ஜல்லி. மறுபடியும் ரோடு போடுகிற காலம் வந்துவிட்டது. எல்லைக்கல்லில் ஆரம்பித்து, தெருவின் அந்தக் கோடியில் அஞ்சலை வீட்டோடு முடிப்பதாகத் திட்டம். வழக்கம்போல் சுரண்டவில்லை. இந்த முறை விடுவதில்லை என்று என் மனு ஃபைலை எடுத்துக்கொண்டு போய் ரோலருக்கு முன்னால் நின்றேன். ரோலர்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார். மேஸ்திரி வந்தார்.

"இன்னா சார், ஓரமா நில்லுங்க, சூடு."

"சுரண்டாம போடக்கூடாது. உத்தரவு இருக்கு."

"அது ஆபீசுல கேளுங்க சார். எனக்குச் சொன்னது ஊத்துறது மட்டும்தான்." என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "வாய்க்கால்ல உழுந்தது நீங்கதான?"

நான் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். "பையனுக்குத் தையில கல்யாணம். மருமவ இந்தப் பள்ளத்துல எறங்கித்தான் வரணும், பாருங்க" என்றேன். அவர் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு படியையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "உள்ள எத்தினி அடி இருக்கும்?" என்றார்.

கோபப்படவேண்டிய இடத்தில் நான் என்ன செய்வேன் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். டீ சொன்னேன், வடையும் சொன்னேன். அதற்கு மேல் என்ன கொடுத்தேன் என்று உன் அம்மாவே கேட்கவில்லை, நீயும் கேட்காதே. மதியத்துக்குள் ரோட்டுக்கு வந்த தாரிலேயே நம் கேட்டிலிருந்து நிலைப்படி வரைக்கும் கறுப்பாக, வழவழவென்று, ஒரே சரிவாக ஆகிவிட்டது. கை ரோலரால் நான்கு முறை அழுத்திக் கொடுத்தார்கள். இப்போது படியே கிடையாது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், மருமகள் நடந்தே வரலாம். மழை பெய்தால் தண்ணீரும் அப்படியே நடந்து வந்துவிடும்தான். ஆனால் அது ஐப்பசியின் கவலை, கல்யாணம் தையில். உன் அம்மா நேற்றே அதன்மேல் கோலம் போட்டுப் பார்த்துவிட்டாள். கறுப்பில் வெள்ளை நன்றாக எடுக்கிறது என்கிறாள்.

அஞ்சலை வீடு வரைக்கும் ரோடு போய்ச் சேரவில்லை. நான்கு வீடு முன்னாலேயே, தார் பத்தவில்லை என்று முடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். இருட்டில் இட்லிக் குண்டானோடு அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் அவள் வேனுக்கு வரவேண்டும். "பாதியில உட்டுட்டுப் போனது எவன்னு கேட்டு ஒரு மனு எழுதிக் குடுண்ணா" என்று இன்று காலையில் கடைக்கு வந்தாள். நன்றாகவே எழுதிக் கொடுத்தேன். ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.